காவி: பொருட்பெயரும் நிறப்பெயரும் (விராலிமலை வட்டாரச் சான்றுகளை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

இரும்புச் சத்து மிகுந்த இயற்கை மண்ணின் பெயராகிய ‘காவி’ இன்று தமிழில் ஒரு நிறத்தின் பெயராகவும் வழங்குகிறது. அப்பெயர் சுட்டும் நிறம் மட்டும் நிலையாக இல்லை. பழுப்பு, செம்பழுப்பு, செம்மஞ்சள் என அது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. இம்மாற்றத்தின் காரணத்தைச் சொல்லின் இலக்கண நடத்தை, இலக்கிய உரை, புதுக்கோட்டை மாவட்ட ஓவியங்களின் வேதியியல் ஆய்வு, மக்கள் வழக்கு ஆகிய நான்கு சான்றுகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. காவி அடிப்படையில் ஒரு பொருட்பெயர் என்பதும், அதனை நிறப்பெயராக மட்டுமே கொள்வதால் மொழிபெயர்ப்பிலும் கோயில் பாதுகாப்பிலும் பிழைகள் நேர்கின்றன என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: காவி, காவிக்கல், துவர், நிறப்பெயர், தொகைநிலை, சித்தன்னவாசல், விராலிமலை.

1. முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த விராலிமலை, குன்றின்மேல் வீற்றிருக்கும் முருகனாலும், அருணகிரிநாதரின் திருப்புகழாலும், குறவஞ்சி ஆடல் மரபாலும், மயில்களாலும் அறியப்பட்ட ஊர். அதன் அண்மையில் கொடும்பாளூர் மூவர் கோயில் உள்ளது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல், நார்த்தாமலை, மலையடிப்பட்டி ஆகிய இடங்களின் கற்கோயில்களில் சுவரோவியங்கள் எஞ்சியுள்ளன. பாறைக்குன்றுகளும் செம்மண் நிலமும் கலந்த இவ்வட்டாரத்தில் மண், வண்ணம், வழிபாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. காவி என்னும் சொல்லை அச்சொல் குறிக்கும் பொருளோடு சேர்த்து ஆராய்வதற்கு இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது.

நிறப்பெயர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் சொல் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது; பொருள் விடுபடுகிறது. காவியைப் பொறுத்தவரை இவ்விடுபாடு சிறிய குறை அன்று. இச்சொல்லின் வரலாறு முழுவதும் பொருளுக்கும் நிறத்துக்கும் இடையே நிகழ்ந்த நகர்வே ஆகும்.

2. காவி என்னும் பொருள்

காவி என்பது களிமண், மணல் ஆகியவற்றோடு இரும்பு ஆக்சைடு கலந்த இயற்கை மண். நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடாகிய கோதைட் மிகுந்திருந்தால் மண் மஞ்சளாகத் தோன்றும். நீரற்ற ஹேமடைட் மிகுந்திருந்தால் சிவப்பாகத் தோன்றும். மாங்கனீசு ஆக்சைடு கூடும்போது நிறம் பழுப்பாகவும் கரும்பழுப்பாகவும் ஆழ்கிறது. மஞ்சள் மண்ணைச் சூடேற்றினால் கோதைட்டிலுள்ள நீர் நீங்கி அது ஹேமடைட்டாக மாறுகிறது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வெப்பத்தில் இம்மாற்றம் நிகழ்கிறது. ஒரே குழியில் எடுத்த மண்ணே அரைக்கும் அளவுக்கும் சுடும் பக்குவத்துக்கும் ஏற்ப வேறுவேறு நிறம் தரக்கூடும். காவிக்கு ஒரே நிறம் அமையாமைக்கு முதற்காரணம் அதன் இயற்கையிலேயே இருக்கிறது.

இம்மண்ணை மனிதர் பயன்படுத்திய வரலாறு மிக நீண்டது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முன் காவியை அரைத்துச் சிப்பியில் குழைத்த சான்றுகளும், ஏறத்தாழ 75,000 ஆண்டுப் பழமையுடைய கோட்டுருக்கள் பொறித்த காவிக்கட்டிகளும் கிடைத்துள்ளன. தமிழகத்தில் விழுப்புரம் மாவட்டக் கீழ்வாலையின் பாறை ஓவியங்கள் செங்காவியால் ஆனவை.

மேலை ஓவிய மரபில் இவ்வகை மண்கள் மூன்று பெயர்களால் பிரிக்கப்படுகின்றன. ஓக்கர் என்னும் பெயர் வெளிறிய மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சியன்னா என்பது இத்தாலிய நகரின் பெயரால் அமைந்தது. மாங்கனீசு மிகுந்த பழுப்பு மண்ணாகிய அம்பர், இத்தாலியின் உம்பிரியா நிலப்பகுதியின் பெயரால் வந்தது என்றும், நிழலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும் இருவகையாக விளக்கப்படுகிறது. கிரேக்கத்தில் நிறத்தின் பெயர் மண்ணுக்கு ஆயிற்று. சியன்னாவில் ஊரின் பெயர் மண்ணுக்கும், மண்ணின் பெயர் நிறத்துக்கும் ஆயிற்று. தமிழில் மண்ணின் பெயரே நேராக நிறத்துக்கு ஆயிற்று. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிலும் காவி என்னும் சொல் இம்மண்ணைக் குறித்து வழங்குகிறது. கொங்கணக் கடற்கரைக் கோயில்களில் சுண்ணச் சுவர்மேல் செம்மண் பூச்சிட்டு, அதனைச் சுரண்டி உருவம் எழுதும் கலைக்கும் காவிக்கலை என்பதே பெயர். அங்கும் பொருளே கலைக்குப் பெயரானது.

3. நிறப்பெயர்களின் இருவகை

தமிழ் நிறப்பெயர்களை அவற்றின் பிறப்பு நோக்கி இருவகையாகப் பிரிக்கலாம். வெண்மை, கருமை, செம்மை, பசுமை போன்றவை பண்பை உணர்த்தும் அடிச்சொற்களிலிருந்து பிறந்தவை. இவை அடிவழி நிறப்பெயர்கள். மஞ்சள், அரக்கு, சாம்பல், காவி போன்றவை முதலில் ஒரு பொருளைக் குறித்துப் பின்னர் அப்பொருளின் நிறத்தைக் குறித்தவை. இவை பொருள்வழி நிறப்பெயர்கள். பழுப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இலையும் காயும் பழுக்கும் வினையிலிருந்து அது பிறந்தது.

அடிவழிப் பெயர்கள் வினையாகவும் வரும். வெளுத்தது, கறுத்தது, சிவந்தது என வழங்குகிறோம். கறுப்பு, சிவப்பு ஆகிய சொற்கள் சினத்தையும் நிறத்தையும் உணர்த்தும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறுவது, இவ்வடிகள் புறப்பொருள் எதையும் சாராமல் பண்பைச் சுட்டும் ஆற்றல் பெற்றிருந்தன என்பதைக் காட்டுகிறது. குறிஞ்சித் தெய்வமாகிய சேயோனின் பெயரும் செம்மை அடியிலிருந்தே தோன்றியது. விராலிமலைக் குன்றின் தெய்வத்தை அந்நிறத்தால் அழைக்கும்போது மண்ணோ சாயமோ நினைவுக்கு வருவதில்லை.

பொருள்வழிப் பெயர்களுள் மஞ்சள் மட்டும் இந்நிலையை நோக்கி நெடுந்தூரம் வந்துள்ளது. மஞ்சளித்தல் என்னும் வினை அதற்கு உண்டு. காவிக்கு அத்தகைய வினை இன்றைய வழக்கில் காணப்படுவதில்லை. காவி ஏறியது, காவி பிடித்தது, காவி படிந்தது என்றே கூறுகிறோம். ஏறுதல், பிடித்தல், படிதல் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து ஒட்டுவதைக் குறிக்கும் வினைகள். பேசுவோர் நிறத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணினாலும், மொழி அதனை இன்னும் ஒட்டிக்கொள்ளும் பொருளாகவே நடத்துகிறது. காவியின் பொருட்பெயர்த் தன்மைக்கு இது வலுவான அகச்சான்று.

4. இலக்கியச் சான்று: கல்லும் துவரும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், நப்பூதனார் பாசறையை வருணிக்கும் பகுதியில் ஒரு துறவியின் உவமை இடம்பெறுகிறது. தன் ஆடையை முக்கோலில் இட்டுவைத்த நோன்புடைய அந்தணன் அவன். அவ்வாடையைக் கல்லில் தோய்த்து உடுத்ததாகப் புலவர் கூறுகிறார். அவ்விடத்தில் நிறச்சொல் எதுவும் இல்லை. கல் என்னும் பொருட்பெயர் மட்டுமே உள்ளது. நச்சினார்க்கினியர் அக்கல்லைக் காவிக்கல் எனக் கொண்டு உரை வரைந்துள்ளார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, துறவியின் ஆடை நிறத்தால் அன்றிச் சாயப்பொருளால் அடையாளம் காணப்படுகிறது. இரண்டாவது, கல் என்ற அளவிலேயே பொருளை உணரும் வழக்கு பாடற்காலத்தில் இருந்ததென்றும், உரைகாரர் காலத்தில் அதனைக் காவிக்கல் என விதந்து கூற வேண்டியிருந்ததென்றும் கொள்ள இடமுண்டு. மண்ணின் நிறம் அங்குக் குறிப்பால் பெறப்படுவதே தவிர, சொல்லால் கூறப்படுவதன்று.

துறவாடையைக் குறிக்க வழங்கிய மற்றொரு சொல் துவர். திருஞானசம்பந்தர் தேவாரத்தில் பௌத்தத் துறவிகள் துவர் ஊட்டிய ஆடை உடையவராகச் சுட்டப்படுகின்றனர். துவர் என்பது சுவையின் பெயர். மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புச் சத்து துணியில் செம்பழுப்பு நிறத்தை ஊட்டும். வடமொழியிலும் துவர்ப்புச் சுவையையும் வடித்த சாற்றையும் குறிக்கும் கஷாயம் என்னும் சொல்லோடு, துறவாடையைக் குறிக்கும் காஷாயம் என்னும் சொல் தொடர்புடையது. ஆக, துவர் மரத்திலிருந்து வந்தது. காவி மண்ணிலிருந்து வந்தது. துணியில் தோன்றும் நிறம் ஒன்றுபோல் இருப்பினும் சாயமூட்டும் முறை வேறு. துவராடை, காவியாடை ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய பிறிதொரு செய்தியும் உண்டு. செய்யுள் வழக்கில் காவி என்பது குவளை மலருக்கும் பெயர். கண்ணுக்கு உவமையாக வரும் காவி மலரைக் குறிக்குமேயன்றி மண்ணைக் குறிக்காது. சொல்லடைவுகளில் காவி என்னும் வடிவத்தின் வருகைகளைத் தொகுத்து அவற்றிலிருந்து நிற வரலாறு எழுத முற்படுவோர், இவ்விரு சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும்.

5. சுவரோவியச் சான்று

சித்தன்னவாசல் அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததை அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அது பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது. தாமரைக்குளமும், மலர் கொய்வோரும், மீன்களும், யானைகளும், தூண்களில் ஆடல் மகளிரும் அங்குள்ள ஓவியங்களின் புகழ்பெற்ற பகுதிகள்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் சித்தன்னவாசல், நார்த்தாமலை விசயாலய சோழீச்சரம், தஞ்சைப் பெரிய கோயில் ஆகிய இடங்களின் ஓவியப் பூச்சுகளை ஆராய்ந்தார். சித்தன்னவாசலில் பாறையின்மேல் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் கனத்தில் சுண்ணச் சாந்தும், அதன்மேல் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் கனத்தில் நுண்ணிய சுண்ணப் பூச்சும் அமைந்துள்ளன. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்குப் பச்சைமண் ஆகியவை பயன்பட்டன. மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய மூன்று நிறங்களும் மண்ணிலிருந்தே பெறப்பட்டுள்ளன.

ஓவியர் மண்ணைத் தேர்ந்ததற்கு வேதியியல் காரணம் உண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மை பல தாவரச் சாயங்களைச் சிதைத்துவிடும். இரும்பு ஆக்சைடு காரத்தாலும் ஒளியாலும் எளிதில் மாறுவதில்லை. ஆகவே துணிக்கு மரத்துவரும் மண்காவியும் ஆகிய இரண்டும் பயன்பட, சுண்ணச் சுவருக்கு மண்ணே பொருந்தியது. பழுப்பு நிறத்துக்குத் தனி மண் தேட வேண்டிய தேவையும் இல்லை. செங்காவியோடு கரியைக் கூட்டினால் ஆழ்ந்த பழுப்பும், மஞ்சட்காவியைக் கூட்டினால் வெளிறிய பழுப்பும் கிடைக்கும். ஓவியரின் கையில் காவி ஒரு நிறமாக இல்லாமல், பல நிறங்களைத் தரும் மூலப்பொருளாக இருந்தது. 1,000 ஆண்டுகளுக்கு மேலாக அவ்வோவியங்களின் செம்மையும் மஞ்சளும் எஞ்சியிருப்பது அப்பொருளின் இயல்பால்தான்.

6. மக்கள் வழக்கு

விராலிமலை வட்டாரம் உள்ளிட்ட தமிழகச் சிற்றூர்களில் காவி என்னும் சொல் நான்கு இடங்களில் பெரிதும் வழங்குகிறது. முதலாவது, கோயில் மதில்களிலும் படித்துறைகளிலும் வெள்ளைக்கு மாற்றாக இடும் காவிப்பட்டை. இரண்டாவது, திருமண நாளிலும் திருவிழா நாளிலும் அரிசிமாக் கோலத்தைச் சுற்றிக் கரையாக இடும் காவி. மூன்றாவது, துறவியரும் நோன்பு நோற்போரும் உடுத்தும் ஆடை. நான்காவது, கறையைக் குறிக்கும் வழக்கு. வெற்றிலை மெல்லுவோரின் பல்லில் ஏறுவதும் காவி. செந்நீரில் துவைத்துத் துவைத்து வெள்ளை வேட்டி மங்குவதும் காவி ஏறுதலே.

முதல் இரண்டு இடங்களிலும் கடையில் வாங்கும் பொருளையே காவி என்கின்றனர். சித்த மருத்துவத்திலும் காவிக்கல், பூங்காவி ஆகியவை மருந்துச் சரக்குகளின் பெயர்களாக உள்ளன. நான்காவது வழக்கு தனிக் கவனத்துக்குரியது. பல்லின் காவி செம்பழுப்பு. வேட்டியின் காவி மங்கிய மஞ்சட்பழுப்பு. இவ்விரண்டில் எதுவும் இன்று காவிக்கொடி என்று கேட்டவுடன் மனத்தில் தோன்றும் ஒளிமிகு செம்மஞ்சள் அன்று. புனிதத்துக்கும் அழுக்குக்கும் ஒரே சொல் பொருந்துவது முரணாகத் தோன்றலாம். இரண்டிடத்தும் நிகழ்வது துணியிலோ பல்லிலோ ஒரு பொருள் ஊறிப் படிவதே என்பதை உணர்ந்தால் அம்முரண் நீங்கும்.

7. தொகைநிலையில் நிகழ்ந்த மாற்றம்

காவியை முன்மொழியாகக் கொண்ட தொகைகளை வரிசைப்படுத்தினால் பொருள் நிறமாக மாறிய படிநிலைகள் புலப்படுகின்றன. காவிக்கல் என்பது காவியாகிய கல் என விரியும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. காவிப்பல் என்பது காவி படிந்த பல். காவியுடை என்பது காவியால் ஊட்டப்பட்ட உடை என விரியும்போது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இவை அனைத்திலும் காவி ஒரு பொருள்.

காவிக்கொடி என்பதனைக் காவியால் ஊட்டப்பட்ட கொடி என இன்று எவரும் விரிப்பதில்லை. காவி நிறமுடைய கொடி என்றே விரிக்கின்றனர். இவ்விரிவையும் உருபும் பயனும் தொக்கதாகக் கொள்ளலாமே எனின், தொக்கு நிற்பது ஊட்டுதல் என்னும் வினையாக இல்லாமல் நிறம் என்னும் பண்பாக இருப்பதே இங்கு மாற்றம். காவியுடை என்னும் பழந்தொடரும் இப்போது அவ்வாறே விரிக்கப்படுகிறது. ஆலையில் செயற்கைச் சாயம் ஏற்றிய துணியும் காவியுடை எனப்படுகிறது. சொல் மாறவில்லை, அதனை விரிக்கும் முறை மாறியது.

இம்மாற்றத்துக்குத் துணைசெய்த மற்றொரு காரணம் மொழிபெயர்ப்பு. அரசியல் நிர்ணய சபை 1947 சூலை 22 அன்று ஏற்ற தேசியக் கொடியின் மேற்பட்டை நிறம் வடபுலத்தில் கேசரி எனப்படும். ஆங்கிலப் பெயரும் குங்குமப்பூவின் பெயரே. தமிழில் அதற்குக் காவி என்னும் சொல் நிலைத்தது. பூவின் நிறத்துக்கு மண்ணின் பெயர் அமைந்தது. அதன்பின் அரசியல் வழக்கிலும் இச்சொல் இடம்பெற, நிறம் செம்மஞ்சளை நோக்கி மேலும் நகர்ந்தது. இலங்கைத் தமிழில் இந்நிறவெளி வேறுவகையாகப் பகுக்கப்பட்டுள்ளது. அங்கு மண்ணிறம், கபிலம் என்னும் சொற்கள் பழுப்பையும், செம்மஞ்சள் என்னும் சொல் ஆரஞ்சு நிறத்தையும் குறிக்கின்றன. தமிழகத்தில் செம்மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட பெரும்பரப்பைக் காவி என்னும் ஒரு சொல்லே சுமக்க நேர்ந்தது.

8. பயன்பாட்டு விளைவுகள்

சொல்லை எவ்வாறு விரிப்பது என்னும் வினா இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதில்லை. கோயில் திருப்பணியில் மதிலுக்குக் காவி பூசுக என எழுதினால் இருவகையாகப் பொருள் கொள்ளலாம். பொருட்பெயராகக் கொண்டால் சுண்ணாம்போடு இயற்கைக் காவியைக் கரைத்துப் பூச வேண்டும். நிறப்பெயராகக் கொண்டால் அந்நிறமுடைய எந்தச் செயற்கை வண்ணமும் போதும். சுண்ணமும் காவியும் சேர்ந்த பூச்சு நுண்துளை உடையது. சுவரில் ஏறும் ஈரம் அதன்வழி வெளியேறும். படலமாக மூடும் செயற்கை வண்ணம் ஈரத்தை உள்ளே தேக்கும். தேங்கிய ஈரமும் உப்பும் பழைய சாந்தைப் பெயர்க்கும். கல்வெட்டின்மேல் அத்தகைய வண்ணம் ஏறினால் எழுத்துகளின் குழிவு நிறைந்து வாசிப்பும் கெடும். ஒரு சொல்லின் பொருள் திரிந்தமையால் சுவரே சேதமுறும் நிலை இது.

ஓவியப் பதிவுகளிலும் இத்தகைய குழப்பம் உண்டு. ஓர் உருவத்தின் நிறம் காவி என மட்டும் எழுதப்பட்டால், அது மஞ்சட்காவியா, செங்காவியா, கரி கலந்த பழுப்பா என்பது தெரியாது. பொருளைக் கூறுகிறதா தோற்றத்தைக் கூறுகிறதா என்பதும் விளங்காது. இக்குறையைத் தவிர்க்கப் பின்வரும் சொல்லாட்சி உதவும்.

அ. மண் என்னும் பொருளைக் குறிக்கக் காவிமண் அல்லது காவிக்கல் எனல். வகை தோன்ற வேண்டுமிடத்து மஞ்சட்காவி, செங்காவி, பழுப்புக்காவி எனப் பிரித்தல். மாங்கனீசு மிகுந்த அம்பர் மண்ணுக்குப் பழுப்புக்காவி பொருந்தும். கருங்காவி என்னும் சொல் குவளையோடு மயங்குமாதலின் அதனைத் தவிர்த்தல் நலம்.

ஆ. சூடேற்றி நிறம் மாற்றிய மண்ணைச் சுட்ட காவி எனல்.

இ. தோற்றத்தை மட்டும் குறிக்குமிடத்துக் காவி நிறம் என விரித்து எழுதி, பழுப்பு, செம்பழுப்பு, செம்மஞ்சள் ஆகியவற்றுள் ஒன்றையும் உடன் குறித்தல்.

ஈ. பழந்தமிழ் நூல்களை மொழிபெயர்க்கும்போது துவர், காவி, கல் ஆகிய மூன்றையும் வேறுவேறாகக் கொள்ளுதல்.

9. முடிவுரை

காவிக்குத் தனி வினை அமையாமையும், ஏறுதல், படிதல் போன்ற வினைகளையே அது கொள்ளுவதும் அதன் பொருட்பெயர்த் தன்மையைக் காட்டுகின்றன. முல்லைப்பாட்டின் கல்லும் நச்சினார்க்கினியரின் உரையும் இதனை உறுதிசெய்கின்றன. சித்தன்னவாசல் பூச்சுகளின் வேதியியல் ஆய்வு, ஒரே வகை மண்ணே பல நிறங்களுக்கு மூலமானதைத் தெளிவாக்குகிறது. வெற்றிலைக் காவியும் வேட்டிக் காவியும் பழைய பொருளெல்லையை இன்றும் பேச்சில் காத்து வருகின்றன. தொகையை விரிக்கும் முறையில் நேர்ந்த மாற்றத்தாலும், குங்குமப்பூ நிறத்துக்கு இச்சொல் மொழிபெயர்ப்பாக அமைந்ததாலும் காவி தன் மண்ணிலிருந்து விலகியது. நிறப்பெயராக வழங்கும் இன்றைய வழக்கு பிழையன்று. அது சொல்லின் இயல்பான வளர்ச்சி. ஆயினும் உரை காண்போரும், ஓவியத்தைப் பதிவு செய்வோரும், மதிலுக்குப் பூச்சு வரையறுப்போரும் காவியை முதலில் ஒரு மண்ணாகக் கொண்டு தொடங்குதல் இன்றியமையாதது. விராலிமலை வட்டாரக் கோயில்களின் சுவர்களிலும் விதானங்களிலும் எஞ்சியுள்ள வண்ணங்களை முறையாகப் பட்டியலிடுவது இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய பணியாகும்.